நண்பருக்கே கொடுத்தாலும் 45 நாள்

போன ஆடி மாதம் ஒரு பெரியவர் என் துப்பாக்கிக் கடைக்கு வந்தார். கையில் வெறும் பெட்டி. பழைய தோல் பெட்டி, உள்ளே சிவப்புக் கம்பளித் துணி, குழல் படுத்துக் கிடந்த தடம் அப்படியே பதிந்திருந்தது. பூட்டு சரியில்லை, சரிபண்ணித் தரவேண்டும் என்றார்.

"துப்பாக்கி எங்கீங்க ஐயா?"

"நம்ம கிளப் பையன்கிட்டக் குடுத்துட்டேன் கண்ணு. எனக்குத் தோள் போச்சு. அவன் நல்லா சுடறான். பெட்டியும் அவனுக்குத்தான்."

எனக்குப் பகீரென்றது. அது அவருடைய அப்பா வாங்கிய வெப்லி அண்ட் ஸ்காட் கம்பெனித் துப்பாக்கி, 12 போர் (குழலின் அளவு), டபுள் பேரல், அதாவது இரட்டைக் குழல். காசுகூட வாங்கவில்லை. கடிதமும் எழுதவில்லை. "அவன்கிட்டதான் லைசென்ஸ் இருக்கே" என்றார்.

இங்கேதான் எல்லாரும் வழுக்குகிறார்கள். லைசென்ஸ் என்பது டிரைவிங் லைசென்ஸ் மாதிரி எந்த வண்டிக்கும் செல்லுவது இல்லை. அதில் எந்தத் துப்பாக்கி, என்ன எண் என்று எழுதியிருக்கும். அந்தப் பையனின் லைசென்ஸில் இருப்பது அவனுடைய துப்பாக்கி. பெரியவருடைய வெப்லி அவன் வீட்டில் இருந்தால் அது லைசென்ஸ் இல்லாத ஆயுதம். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குத் தண்டனை 2 ஆண்டுக்குக் குறையாமல் 5 ஆண்டு வரை. "ஒரு வாரம் வச்சுச் சுட்டுப் பாரு, பிடிச்சா எடுத்துக்க" என்பதும் இதே கதைதான். உரிமையாளர் பக்கத்தில் நிற்கும்போது தூக்கிப் பார்க்கலாம். எழுதிக் கொடுத்தால் ரிப்பேருக்கு எடுத்து வரலாம். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பீரோவில் வைத்துக்கொள்ள முடியாது.

சரி, நண்பருக்குத் தரவே முடியாதா? தாராளமாகத் தரலாம். 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு வழிவிடுகிறது. இன்னாருக்கு, இந்த முகவரியில் இருப்பவருக்கு, இந்தத் துப்பாக்கியைத் தரப்போகிறேன் என்று கலெக்டருக்கோ பக்கத்துக் காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவித்து 45 நாள் முடிந்த பிறகே கைமாற்றலாம். இனாமாகக் கொடுத்தாலும் இதே விதி. உங்கள் ஹாலந்து துப்பாக்கிக்கு என் கிரீனர் துப்பாக்கி என்று மாற்றிக்கொள்கிறீர்களா? அது இரண்டு கைமாற்றம், இரண்டு கடிதம். ஒப்புகைச் சீட்டை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். வாங்குபவரின் லைசென்ஸில் இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். முன்பு 3 வரை வைத்திருக்கலாம், இப்போது 2 தான். அந்தத் திருத்தம் வந்த வருடம் மூன்றாவது துப்பாக்கியை ஒப்படைக்க வந்தவர்கள் கண்கலங்கி நின்றதைப் பார்த்திருக்கிறேன். (இதையெல்லாம் சொல்வதால் எனக்கு லாபமில்லை. நண்பர்களுக்குள் முடிந்துவிட்டால் கடைக்குக் கமிஷனும் கிடையாது.)

மகனுக்கோ மகளுக்கோ என்றால் வேறு வழியும் உண்டு. 2016 ஆயுத விதிகளின்படி உரிமையாளருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, துப்பாக்கியை 25 வருடம் வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசை நியமிக்கலாம். தள்ளிப்போடாதீர்கள். அப்பா போன பிறகு அலமாரியில் துப்பாக்கியைக் கண்டு அம்மா நடுங்கிப்போய்ப் போன் செய்வார்கள். அப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான்: தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற கடையிலோ டெபாசிட்.

காகிதத்தைவிட எனக்குப் பெரிய பயம் தோட்டா. பெரியவரின் துப்பாக்கியில் குழலின் அடியில் 2½ என்று பொறித்திருக்கிறது. தோட்டா உட்காரும் அறையின் நீளம் இரண்டரை அங்குலம், அதாவது 65 மி.மீ. தோட்டாவுக்கானது. இன்று பரவலாகக் கிடைப்பது 70 மி.மீ. தோட்டா. நுனி மடிந்திருப்பதால் அதுவும் சுலபமாக உள்ளே போய்விடும், ஆபத்தே அதுதான். சுட்டதும் மடிப்பு விரிந்து, குழல் குறுகத் தொடங்கும் இடத்தில் முட்டும். அழுத்தம் எகிறும். நூறு வருடத்துக் குழல் எத்தனை முறை அதைத் தாங்கும் என்று சொல்ல முடியாது. குழலில் கோலம் போட்ட மாதிரி வரி வரியாக இருந்தால் அது டமாஸ்கஸ், இரும்பையும் எஃகையும் முறுக்கி ஒட்டிச் செய்த பழைய காலத்துக் குழல். நான் பார்க்காமல் அதில் எதையும் போடாதீர்கள்.

வாங்குபவர் முன்னால் இதைச் செய்து காட்டுங்கள்: குழலைக் கழற்றி, அடியிலிருக்கும் கொக்கியில் விரலை மாட்டித் தொங்கவிட்டு நகத்தால் தட்டுங்கள். கோயில் மணி மாதிரி இழுத்து ஒலித்தால் நல்லது. 'டொக்' என்றோ, பூச்சி ரீங்காரம் மாதிரியோ கேட்டால் இரண்டு குழலையும் பிணைக்கும் பட்டை எங்கோ விட்டிருக்கிறது. அப்புறம், விற்பதற்கு முன் பளபளப்பாக்குகிறேன் என்று எமரித் தாளை எடுக்காதீர்கள். குழலும் மெலியும், விலையும் போகும்.

பெரியவர் அன்று மாலையே துப்பாக்கியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பையன் கொஞ்சம் முறைத்துக்கொண்டான். கடிதம் கொடுத்தோம், 45 நாள் எண்ணினோம், பையனின் லைசென்ஸில் பதிவும் முடிந்தது. கைமாற்றிய அன்று பெரியவர் பெட்டியைத் திறந்து, மூடியின் உட்புறம் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினார்: '65 மட்டும்'. பையனைப் படிக்கச் சொன்னார். படித்தான். இன்னொரு தரம் படிக்கச் சொன்னார்.