5 கிராம் தாளுக்குப் பின்னால்

எழுதாத தாள் ஒன்றின் ஓரத்தை மெதுவாகக் கிழித்து, கிழிந்த விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மயிரைவிட மெல்லிய இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். மரத்துக்குள் நீரைக் கொண்டுபோன, மரத்தைத் தாங்கி நின்ற செல்கள் இவை. இந்த இழைகளைச் சேர்த்துப் பிடித்திருப்பது பெரும்பாலும் பசை அல்ல, மூலக்கூறுகளுக்கு நடுவே உண்டாகும் ஈர்ப்பான ஹைட்ரஜன் பிணைப்பு. தாளை நனைத்தால் நீர் மூலக்கூறுகள் இழைகளுக்கு நடுவே புகுந்து அந்தப் பிணைப்பைப் பிரித்துவிடும். அதனால்தான் நனைந்த நோட்டுத் தாள் தொட்டதும் பிய்ந்து கையோடு வருகிறது.

தாளைப் பிரிப்பது மட்டுமல்ல, உருவாக்குவதும் தண்ணீர்தான். மரத்துண்டுகளை ரசாயனக் கரைசலில் வேகவைத்து, இழைகளை ஒட்டவைத்திருக்கும் லிக்னினைக் கரைத்து எடுக்கிறார்கள். இதில் மரத்தின் எடை ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும். கரைந்ததை ஆலைகள் கொதிகலனில் எரித்து வெப்பமாக்கிக்கொள்கின்றன என்பது ஒரு ஆறுதல். மிஞ்சிய கூழில் 99 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் இருக்கும்படி கரைத்து, ஓடிக்கொண்டே இருக்கும் வலைமீது பரப்புகிறார்கள். நீர் வடிகிறது. அப்புறம் உருளைகள் அழுத்திப் பிழிகின்றன. எவ்வளவு பிழிந்தாலும் பாதிக்குப் பாதி ஈரம் போகாது. நீராவியால் சூடேறிய உருளைகள்மீது ஓட்டித்தான் அதை விரட்ட முடியும். காகித எந்திரம் வெப்பத்தைப் பெருமளவு விழுங்குவது இந்த இடத்தில்தான். தாள் என்றதும் நமக்கு மரம்தான் நினைவுக்கு வருகிறது. உலர்த்தச் செலவாகும் எரிபொருளையும் கூடவே நினைக்க வேண்டும்.

ஒரு சதுர மீட்டர் தாளை வெட்டினால் 16 ஏ4 தாள்கள் கிடைக்கும். சதுர மீட்டருக்கு 80 கிராம் என்பது வழக்கமான எடை. ஆக, ஒரு தாள் 5 கிராம். 40 பேர் உள்ள வகுப்பில் ஆளுக்குத் தினம் ஒரு ஒருபக்க நகல் கொடுத்தால், 200 பள்ளி நாளில் 8,000 தாள், 40 கிலோ. இரண்டு பக்கமும் அச்சிட்டால் 20 கிலோவோடு முடிந்துவிடும். அச்சு எந்திரத்தில் ஒரு அமைப்பை மாற்றினால் போதும், வேறு செலவே இல்லை.

மறுசுழற்சிக்குப் போட்டால் சரியாகிவிடாதா? புதிய மரம் வேண்டாம், ஆற்றலும் மிச்சம் என்பது உண்மைதான். ஆனால் பழைய தாளை மறுபடி ஊறவைத்து, காற்றுக் குமிழிகளால் மையைப் பிரித்து, மீண்டும் உலர்த்தியாக வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் இழைகள் குட்டையாகி விறைத்துப்போகும். 5 முதல் 7 சுற்றுகளுக்குப் பிறகு அவை தாளாகப் பின்னிக்கொள்ளாது. குப்பைமேட்டுக்குப் போனாலோ இன்னும் மோசம். காற்றுப் புகாத ஆழத்தில் மட்கும்போது மீத்தேன் கிளம்பும். அதனால் மறுசுழற்சிப் பெட்டியை இரண்டாவது இடத்தில் வைக்கலாம். முதல் இடம், அச்சிடாமல் விட்ட தாளுக்கு.

எல்லாவற்றையும் திரைக்கு மாற்றுவதிலும் நிதானம் வேண்டும். தாளை மிச்சப்படுத்துவதற்கென்றே புதிய டேப்லெட் வாங்கினால், அதன் உலோகமும் பேட்டரியும் சிப்பும் செய்யப்பட்டபோதே வெளியான கரியமில வாயு கணக்கில் ஏறிவிடும். ஏற்கெனவே இருக்கும் கருவியில் சுற்றறிக்கையும் படிவமும் அனுப்பலாம். பிள்ளைகள் எழுதிப் பழகும் தாளில் மட்டும் கைவைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. கணக்கைப் போட்டு, அடித்து, திருத்திப் பார்க்க இடம் வேண்டும்.

அந்த இடமும் புதிதாக வாங்க வேண்டியதில்லை. வருடக் கடைசியில் நோட்டுகளைப் புரட்டிப் பாருங்கள். 30 பேரிடம் ஆளுக்கு 10 வெற்றுத் தாள் இருந்தாலே 300 தாள். பின்னைக் கழற்றி, தாள்களை அடுக்கி, நடுவில் நூல் கோத்துத் தைத்தால் 50 தாள் கொண்ட ரஃப் நோட்டு 6 தேறும். தைக்கும் வேலையைப் பிள்ளைகளே ஒரு மதியத்தில் முடித்துவிடுவார்கள்.