டங்ஸ்டன் ஏன் உடைகிறது?

டங்ஸ்டன் உருகுவதற்கு 3,422 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். உலோகங்களில் இதுவே மிக உயர்ந்த உருகுநிலை. ஆனால், தூளை அழுத்திச் சுட்டுச் செய்த டங்ஸ்டன் கட்டியை அறை வெப்பநிலையில் சம்மட்டியால் அடித்தால், அது வளையாமல் பிளந்துவிடும். ஒரே உலோகத்தில் இந்த இரண்டு குணங்களும் சேர்ந்திருப்பதற்குக் காரணம், அதன் அணுக்களை இறுக்கிப் பிடித்திருக்கும் பிணைப்பேயாகும்.

உலோகம் வளையும்போது அணு அடுக்குகள் ஒரேயடியாக வழுக்குவதில்லை. படிகத்தினுள் இருக்கும் இடப்பிறழ்வுகள் எனும் கோடு போன்ற குறைகள் நகர்ந்து, தாம் கடந்த வழியில் அணுக்களைச் சிறிது சிறிதாக இடம் மாற்றுகின்றன. செம்பிலும் நிக்கலிலும் இந்த நகர்வு எளிது. டங்ஸ்டன், மாலிப்டினம் போன்ற பருமையக் கனசதுரப் படிகங்களிலோ (கனசதுரத்தின் மூலைகளிலும் நடுவிலும் அணுக்கள் அமைந்தவை), திருகு வகை இடப்பிறழ்வின் மையம் ஒரே தளத்தில் அடங்காமல் பல தளங்களில் பரவிக் கிடப்பதால், அதை அசைக்க வெப்பத்தின் துணை தேவைப்படுகிறது. குளிர்ந்த நிலையில் இடப்பிறழ்வுகள் நகர்ந்து அழுத்தத்தைத் தணிப்பதற்குள் விரிசல் முந்திக்கொள்கிறது. உலோகத்தை ஆக்கும் சிறு படிகங்களான படிகமணிகளின் எல்லையில் ஆக்சிஜன் போன்ற மாசுகள் சேர்ந்திருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். இதே படிக அமைப்புடைய நியோபியமும் டான்டலமும் தூய நிலையில் நன்றாக வளைகின்றன என்பதால், படிக அமைப்பின் மீது மட்டும் பழி சுமத்த முடியாது.

விமானப் பொறிகளில் பயன்படும் நிக்கல் மீக்கலவைகளின் (கடும் வெப்பத்திலும் வலிமை குன்றாத உலோகக் கலவைகள்) உலோகம் ஏறத்தாழ 1,100 டிகிரிக்கு மேல் தாக்குப்பிடிப்பதில்லை. அதைத் தாண்டும் முயற்சியில், 2010இல் நியோபியம், மாலிப்டினம், டான்டலம், டங்ஸ்டன் ஆகிய நான்கையும் ஏறக்குறைய சம அளவில் கலந்து உருவாக்கிய கலவை, 1,600 டிகிரியிலும் சுமார் 400 மெகாபாஸ்கல் அழுத்தத்தைத் தாங்கியது. ஆயினும் அறை வெப்பநிலையில் அதை அழுத்தியபோது, ஓரிரு விழுக்காடு சுருங்கியதுமே உடைந்தது. மறுபுறம், ஹாஃப்னியம், நியோபியம், டான்டலம், டைட்டானியம், சிர்க்கோனியம் சேர்ந்த கலவை அறை வெப்பநிலையில் பாதி உயரத்துக்கு அழுத்தினாலும் உடையவில்லை. ஆனால் 1,200 டிகிரியில் அதன் வலிமை 100 மெகாபாஸ்கலுக்கும் கீழே சரிந்தது. சூட்டில் வலிமையானது குளிரில் உடைகிறது, குளிரில் வளைவது சூட்டில் தளர்கிறது என்ற, இத்துறையின் உண்மையான சிக்கலை இவ்விரு கலவைகளைவிடத் தெளிவாக வேறெதுவும் காட்டுவதாக எனக்குத் தோன்றவில்லை.

2024இல் வெளியான ஓர் ஆய்வு இதில் நம்பிக்கை தருகிறது. நியோபியம், டான்டலம், டைட்டானியம், ஹாஃப்னியம் கலந்த கலவையில் விரிசலின் முனையருகே படிகத்தின் சிறு பகுதிகள் பட்டைகளாக மடிந்து திரும்பிச் சேதத்தைப் பரவலாகப் பகிர்ந்துகொண்டன. அதனால் திரவ நைட்ரஜனின் குளிரிலிருந்து 1,200 டிகிரி வரை அக்கலவை விரிசலை எதிர்த்து நின்றது.

காற்று மற்றொரு எதிரி. சூடான மாலிப்டினத்தின் ஆக்சைடு ஆவியாகிப் பறந்துவிடுவதால், உலோகத்தைக் காக்கும் படலம் அதன்மீது உருவாவதில்லை. ராக்கெட் முனைக்குழல்களில் பயன்படும் நியோபியம் கலவைகளுக்கு சிலிசைடு (சிலிக்கன் சேர்மம்) பூச்சு இடுவதும் ஆக்சிஜனைத் தடுக்கவே. அப்பூச்சும் எளிதில் விரிசலிடும் பொருள்தான், அந்த விரிசல் வழியே புகும் ஆக்சிஜன் அடியிலுள்ள உலோகத்தையும் முறியும் பொருளாக மாற்றிவிடும்.