கர்சர்: சுட்டி அல்ல, இடங்காட்டி

சில நாள் முன்பு, முதன்முறையாகக் கணினியில் எழுதப் பழகும் ஓர் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் கையில் ஒரு தமிழ்ப் பயிற்சிக் கையேடு. சுட்டியை நகர்த்தி, சுட்டியைச் சொல்லின் இறுதியில் வைக்கவும் என்று அதில் இருந்தது. இரண்டு முறை படித்துவிட்டு, "இது எந்தச் சுட்டி தம்பி? கையில இருக்கிறதா, திரையில இருக்கிறதா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழையே இல்லை, எழுதியவர்தான் பிழை செய்திருக்கிறார். கையில் பிடிக்கும் மவுஸுக்குச் சுட்டி என்று பெயர். திரையில் எழுத்து விழும் இடத்தில் மின்னும் கோடான கர்சரையும் சுட்டி என்று எழுதுவதை இதோடு எத்தனை இடத்தில் பார்த்துவிட்டேன்!

கர்சர் லத்தீன் சொல். ஓடுபவன், தூது கொண்டு ஓடுபவன் என்று பொருள். கணினி வருவதற்கு முன்பு, கணக்குப் போட உதவிய சறுக்கு அளவுகோலின் மேல் அங்குமிங்கும் நகரும், நடுவில் மெல்லிய கோடு போட்ட கண்ணாடித் துண்டுக்கு அந்தப் பெயர் இருந்தது. அங்கிருந்து திரைக்கு வந்தது. அதற்காக 'ஓடி' என்று பெயர் வைக்க வேண்டியதில்லை. வேர்ச்சொல்லை அப்படியே பெயர்த்தால் சொல் கிடைக்கும், பொருள் கிடைக்காது.

சரி, சுட்டியில் என்ன குறை? சுட்டுவது என்றால் இங்கே நின்றுகொண்டு வேறொன்றைக் காட்டுவது. அ, இ, உ மூன்றும் சுட்டு என்கிறது தொல்காப்பியம். அவன், இவன் என்னும்போது சுட்டுகிறவர் ஓரிடம், சுட்டப்படுவது வேறிடம். மவுஸ் அப்படித்தான் வேலை செய்கிறது. அது மேசையில் இருந்துகொண்டு திரையில் உள்ள ஒன்றைச் சுட்டுகிறது. அதனால் மவுஸைச் சுட்டி என்பது நல்ல தமிழ், அதில் எனக்குச் சண்டை இல்லை. எழுத்துகளுக்கு நடுவே விட்டுவிட்டு மின்னும் அந்தச் சிறு கோடு எதையும் சுட்டவில்லை. அது நிற்கும் இடமேதான் அது சொல்லும் செய்தி: அடுத்த எழுத்து இங்கே விழும்.

கர்சருக்கு மவுஸே தேவையில்லை. 1976-இல் வந்த ஏடிஎம்-3ஏ (ADM-3A) என்ற, திரையும் விசைப்பலகையும் சேர்ந்த கணினி முனையத்தில் மவுஸ் கிடையாது. எச், ஜே, கே, எல் விசைகளின் மேல் அம்புக்குறி போட்டிருந்தார்கள், கர்சரை நகர்த்த அதுவே போதுமாக இருந்தது. இன்றும் மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, அம்பு விசைகளை மட்டும் கொண்டு ஒரு கடிதத்தை முழுதாகத் திருத்தலாம். அப்படியிருக்க இரண்டுக்கும் ஒரே பெயரா? இது போதாதென்று இணைய இணைப்பையும் சுட்டி என்கிறார்கள், நிரல் எழுதுவோர் நினைவக முகவரியைத் தாங்கும் மாறியையும் சுட்டி என்கிறார்கள். ஒரு சொல்லின் முதுகில் நான்கு மூட்டை.

பழகியவர்களுக்கு இதில் சிரமம் தெரியாது. புதியவர்கள்தான் தடுமாறுகிறார்கள். மவுஸை நகர்த்தும்போது திரையில் ஓர் அம்புக்குறி ஓடுகிறது. எழுத்துப் பகுதிக்குள் வந்ததும் அது ஐ என்ற ஆங்கில எழுத்தின் வடிவம் எடுக்கிறது. அதுவும் ஒரு நெட்டுக்கோடு, கர்சரும் நெட்டுக்கோடு. கோட்டைக் கொண்டுபோய் வைத்தாயிற்று என்று நினைத்துச் சொடுக்காமலேயே தட்டுகிறார்கள். எழுத்து எங்கோ மேல் வரியில் போய் விழுகிறது. பெயர் வேறாக இருந்திருந்தால் இரண்டும் வேறு என்பது முதல் நாளே மனதில் பதிந்திருக்கும்.

சிலர் நிலைகாட்டி என்கிறார்கள். பரவாயில்லை, ஆனால் நிலை என்றதும் நிலைமைதான் நினைவுக்கு வருகிறது. இடஞ்சுட்டியில் பாதி சரி, பாதி பழைய குழப்பம். என் தேர்வு இடங்காட்டி. திசைகாட்டி, வழிகாட்டி, நாள்காட்டி என்று நம் வாயில் ஏற்கெனவே இருக்கும் வரிசையில் இயல்பாகச் சேர்கிறது, யாருக்கும் விளக்கவும் வேண்டாம். இடங்காட்டிக்கு இடப்பக்கம் உள்ளதை அழிப்பது பேக்ஸ்பேஸ், வலப்பக்கம் உள்ளதை அழிப்பது டெலீட் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். தமிழில் எழுதுகிறவருக்கு இது இன்னும் முக்கியம். 'கி'க்குப் பின்னால் இடங்காட்டி நிற்கும்போது பேக்ஸ்பேஸை அழுத்தினால், பல செயலிகளில் கொக்கி மட்டும் போய்க் 'க' மிஞ்சும். முன்னால் நிற்கும்போது டெலீட்டை அழுத்தினால் பெரும்பாலும் எழுத்தே போய்விடும். எங்கே நிற்கிறது என்று பார்க்கப் பழகாதவர், கணினி கெட்டுவிட்டது என்று பயந்துவிடுகிறார்.

இடங்காட்டி பிடிக்காவிட்டால் கர்சர் என்றே எழுதுங்கள். தமிழ்ச்சொல் வேண்டும் என்று உறுதியாக நிற்பவன்தான் நான். ஆனாலும் குழப்பும் தமிழைவிடத் தெளிவான இரவல் மேல். அகராதியைப் பார்த்துச் சொல்லுக்குச் சொல் வைத்துவிட்டு, அந்த வரியின்படி ஒருமுறைகூடச் செய்து பார்க்காமல் அச்சுக்கு அனுப்புவதுதான் என்னால் பொறுக்க முடியாதது.

அந்தக் கையேட்டு வரியை அம்மாவுக்கு இப்படி எழுதிக் கொடுத்தேன்: சுட்டியை நகர்த்தி, சொல்லின் கடைசி எழுத்துக்குப் பின்னால் ஒருமுறை சொடுக்குங்கள். இடங்காட்டி அங்கே வந்து மின்னும். அப்புறம் தட்டுங்கள்.