முதலில் சுற்று, அப்புறம் முடிச்சு

சிங்கப்பூரில் எங்கள் பழைய அடுக்குமாடி புளோக்கில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. ஒன்று, ஐந்து, ஒன்பது என்று தாவித் தாவித்தான் போகும். நாங்கள் இருந்தது மூன்றாம் மாடி. வீடு மாறிய அன்று அம்மாவின் தேக்கு அலமாரியைப் படிக்கட்டு வழியாகத்தான் இறக்க வேண்டியிருந்தது. எத்தனை பேர் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்று நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே, அப்பா அலமாரியின் இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் கைப்பிடியின் இரும்புத் தூணில் ஒன்றரைச் சுற்றுச் சுற்றி, நுனியை ஒரு கையில் பிடித்துக்கொண்டார். "ம், தள்ளுங்க" என்றார். அலமாரி ஒவ்வொரு படியாக, மாப்பிள்ளை நடையில் இறங்கியது. நடுவில் ஒருமுறை "நிறுத்துங்கப்பா" என்று கத்தினேன். அப்படியே நின்றது. அவர் மற்றக் கையால் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

அப்பாவுக்கு அப்போது தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கப்பல் கட்டுகிற வேலை. இப்படிச் சொன்னால் எல்லாரும் அவரைப் பொறியாளர் என்று நினைத்துவிடுவார்கள். இல்லை, கரைக்கு வந்த கப்பலைக் கயிற்றால் கட்டுகிற வேலை.

அவர் தூணில் போட்ட அந்த ஒன்றரைச் சுற்றுக்கு மாலுமிகள் வைத்திருக்கும் பெயர் 'ரவுண்ட் டர்ன்'. பெயரைக் கேட்டால் ஒரே ஒரு முழுச் சுற்று என்றுதான் தோன்றும். ஆனால் கயிறு தூணின் பின்பக்கம் போய், முன்னால் வந்து, மறுபடியும் பின்பக்கம் போய், வந்த திசைக்கே திரும்ப வேண்டும். தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தால் இரண்டு வரிசைக் கயிறு தெரியும். கோணக் கணக்கில் 540 பாகை. பின்பக்கம் ஒரே தடவை போய்த் திரும்பினால் 180 பாகைதான். அது வெறும் 'டர்ன்'. சாரணர் இயக்கத்தில் இருந்தவர்களுக்கு 'ரவுண்ட் டர்ன் அண்ட் டூ ஹாஃப் ஹிட்சஸ்' என்ற முடிச்சு நினைவிருக்கும். நானும் படித்தேன், தேர்வுக்காக. ஏன் அந்த ஒன்றரைச் சுற்று என்று எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை.

விஷயம் உராய்வில் இருக்கிறது. இழுவையில் இருக்கும் கயிறு தூணைச் சுற்றி வளையும்போது தூணோடு அழுந்துகிறது. அழுந்தும் இடத்தில் உராய்வு பிறக்கிறது. அந்த உராய்வு இழுவையில் ஒரு பங்கைத் தின்றுவிட்டு, மிச்சத்தை மட்டும் கயிற்றின் அடுத்த துண்டுக்கு அனுப்புகிறது. அந்தத் துண்டும் தனக்கு வந்ததில் அதே விகிதத்தில் ஒரு பங்கைத் தின்கிறது. கவனியுங்கள், அதே அளவு அல்ல, அதே விகிதம். மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் பெட்டியடி போட்டு உட்கார்ந்து வட்டித் தொழில் நடத்திய செட்டியார்களுக்கு இதை விளக்கவே வேண்டியிருக்காது. கூட்டு வட்டியைத் தலைகீழாகப் போட்டால் இந்தக் கணக்கு வந்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு. கயிற்றுக்கும் இரும்புத் தூணுக்கும் இடையே உராய்வுக் கெழு, அதாவது ஒன்றோடொன்று எவ்வளவு பிடித்துக்கொள்ளும் என்பதைச் சொல்லும் எண், 0.25 என்று வைத்துக்கொள்வோம். படகு 1000 கிலோ எடைக்குச் சமமாக இழுக்கிறது. அரைச் சுற்றுப் போட்டால் நம் கையில் மிஞ்சும் இழுவை சுமார் 456 கிலோ. ஒரு சுற்றுக்கு 208. ரவுண்ட் டர்ன், அதாவது ஒன்றரைச் சுற்றுக்கு, 95. இரண்டு சுற்றுக்கு 43. மூன்று சுற்றுப் போட்டுவிட்டால் வெறும் 9 கிலோ. ஒரு பெரிய அரிசிப் பையைத் தூக்குகிற பலம்கூடத் தேவையில்லை. சுற்று இரண்டு மடங்கானால் பிடி இரண்டு மடங்காவதில்லை, பெருக்கல் கணக்கில் ஏறுகிறது. 18ஆம் நூற்றாண்டிலேயே கணித மேதை ஆய்லர் இதை ஆராய்ந்தார். பின்னால் வந்த ஜெர்மானியப் பொறியாளர் ஐட்டல்வைன் பெயரையும் சேர்த்துத்தான் இந்தச் சமன்பாட்டை இப்போது சொல்கிறார்கள். தாத்தா காலத்தில் ஊரில் திமிறுகிற காளையின் கயிற்றைத் தென்னை மரத்தில் சட்டென்று இரண்டு சுற்றுப் போட்டு நிறுத்துவார்களாம். சமன்பாடு அதேதான்.

எனக்கு இன்னும் ஆச்சரியமாக இருப்பது ஒன்று உண்டு. இந்தக் கணக்கில் தூணின் பருமனுக்கு இடமே இல்லை. பருத்த தூண் நன்றாகப் பிடிக்கும் என்றுதானே தோன்றும்? பருத்த தூணில் கயிறு அதிக நீளத்துக்குத் தொடுகிறது, உண்மைதான். ஆனால் அதே அழுத்தம் அவ்வளவு நீளத்துக்கும் பரவி மெலிந்துவிடுகிறது. இரண்டும் சரிக்குச் சரியாகிவிடும். எத்தனை பாகை சுற்றியிருக்கிறது என்பது மட்டும்தான் கணக்கு. துறைமுகத்துத் தூண்கள் அவ்வளவு பருமனாக இருப்பது அவை முறியாமல் இருக்கவும், கயிறு இறுக்கமாக மடிந்து பலம் இழக்காமல் இருக்கவும்தான்.

இப்போது அந்தச் சாரணர் முடிச்சைப் பாருங்கள். பாரத்தின் பெரும்பகுதியைச் சுற்றே வாங்கிக்கொள்கிறது. மிச்சத்தைப் பிடித்து வைக்கத்தான் இரண்டு ஹாஃப் ஹிட்ச், அதாவது அரை முடிச்சு. அப்பா இதை "முதல்ல சுத்து, அப்புறம் முடிச்சு" என்பார். இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. பாரம் ஏறி இறுகிப்போன முடிச்சைப் பல நேரம் கத்தியால்தான் அறுக்க வேண்டும். சுற்றை அப்படியில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக நழுவ விடலாம். அலமாரி இறங்கியது அப்படித்தான். ஆனால் ஒரு சுற்று இன்னொன்றின்மேல் ஏறிவிட்டால் கதை கந்தல். மேலே ஏறியது அடியில் இருப்பதை நசுக்கிப் பூட்டிவிடும், பிறகு நழுவாது. 'ரைடிங் டர்ன்' என்பார்கள். அப்பா வீட்டில் லுங்கி உலர்த்தும் கொடியைச் சுற்றி வைப்பதுகூட ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகத்தான்.

எல்லாக் கயிறும் ஒன்றல்ல. தேங்காய் நார்க் கயிறு சொரசொரப்பானது, நன்றாகப் பிடிக்கும், தண்ணீரிலும் மிதக்கும். (ஆங்கிலத்தில் நாருக்குச் சொல்லும் 'காயர்' நம் கயிறுதான், மலையாளக் கரை வழியாகப் போனது.) இன்று பெரிய கப்பல்களில் இருக்கும் உயர்ரகப் பாலிஎத்திலீன் இழைக் கயிறு எஃகுக் கம்பிவடத்துக்கு ஈடான பலம் கொண்டது, ஆனால் வழவழவென்று வழுக்கும். உராய்வுக் கெழு 0.1 என்றால், முன்பு ஒன்றரைச் சுற்றில் கிடைத்த பிடிக்கு இப்போது நாலு சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகப் போட வேண்டும். வேகமாக நழுவவிட்டால் உராய்வு சூடாக மாறும். இந்த இழை 150 பாகை செல்சியஸை எட்டுவதற்கு முன்பே உருகத் தொடங்கிவிடும்.

இந்தச் சொல் கப்பலை விட்டு இறங்கி ஆங்கிலப் பேச்சுக்குள்ளும் போயிருக்கிறது. ஒருவரைத் திடீரென்று தடுத்து நிறுத்துவதை 'ப்ராட் அப் வித் எ ரவுண்ட் டர்ன்' என்பார்கள். ஓடுகிற கயிற்றில் யாரோ ஒரு சுற்றுப் போட்டதும் அது வெடுக்கென்று நிற்பதைப் பார்த்தவர்தான் இப்படிச் சொல்லியிருக்க முடியும்.

போன மாதம் அப்பாவோடு புலாவ் உபின் தீவுக்குப் போனேன். சாங்கி முனைப் படகுத்துறையில் பன்னிரண்டு பேர் சேரும்வரை காத்திருந்தோம். படகுக்கார அங்கிள் ஒரு கையில் காப்பிப் பையைத் தொங்கவிட்டபடி, மறுகையால் கயிற்றைத் தூணிலிருந்து இரண்டே உதறலில் எடுத்தார். அப்பா என் முழங்கையை இடித்தார். "பார்த்தியா, முடிச்சே போடல."