அகராதியா, இடாப்பா?

மாங்குளத்தில் பின்னேர வகுப்பு. பைதன் என்னும் நிரல்மொழி தொடங்கி மூன்றாம் கிழமை. ஒரு பெடியன் ஏ9 வீதி பஸ் கட்டணங்களை டிக்சனரியில், அதாவது ஒரு பெயருக்கு ஒரு பெறுமதி என்று சேர்த்துவைக்கும் அமைப்பில், போட்டான்: வவுனியா, ஓமந்தை, புளியங்குளம், கிளிநொச்சி. ஓட்டிப் பார்த்தால் அதே ஒழுங்கில் வந்தது. “சேர், அகராதி எண்டால் ஓமந்தையெல்லோ முதல் வரவேணும்?” என்றான். கேள்வி சரி. டிக்சனரிக்குத் தமிழில் அகராதி என்று பெயர் வைத்தவர்களில்தான் பிழை.

டிக்சனரி, ‘சொல்’ என்னும் பொருளுள்ள இலத்தீன் வேரிலிருந்து வந்தது. அகராதியோ அகரம் ஆதியாக அடுக்கியது. தெய்வப் பெயர்களில் தொடங்கிப் பொருள்வாரியாகத் தொகுத்த திவாகரம் என்னும் பழைய சொற்பொருள் நூல் வெறும் நிகண்டு. எழுத்து ஒழுங்கில் வந்த 1594ஆம் ஆண்டு நூலோ ‘அகராதி நிகண்டு’. ஆக, அது ஒழுங்கின் பெயர். பைதன் 2018இல் வந்த 3.7 பதிப்பிலிருந்து, போட்ட ஒழுங்கைக் காக்கிறது. முன்பு அந்த உறுதியும் இல்லை. வரிசைப்படுத்தச் சொன்னாலும் நம் ஒழுங்கு வராது: ஈற்றில் நிற்கவேண்டிய ‘ன’, யுனிகோட் என்னும் கணினி எழுத்துக்குறி முறையில் ‘ந’வுக்கு அடுத்தே நிற்கிறது.

“தேடினால் பொருள் கிடைக்கிறதே, உவமைதானே” என்பார்கள். சரி, அப்படியே வைப்போம். அகராதியில் ‘திங்கள்’ என்று தேடினால் நிலவு, மாதம், கிழமை நாள் எல்லாம் வரும். இங்கே ஓமந்தைக்கு இரண்டாம் தரம் கட்டணம் எழுதினால் பழையது சத்தமில்லாமல் அழிந்துபோகும். உவமையும் நொண்டுகிறது.

நான் இடாப்பு என்கிறேன். பள்ளிக்கூடத்துச் சேர்வு இடாப்பைப் பாருங்கள்: சேர்ந்த ஒழுங்கில் பெயர் ஏறும், ஓர் இலக்கத்துக்கு ஒரு பிள்ளை, இலக்கத்தைச் சொன்னால் ஆள் கிடைக்கும்.

அது தனித்தமிழா என்று ஒரு நண்பர் பாய்ந்தார். டிக்சனரியில் பெறுமதியைத் தேடக் கொடுக்கும் பெயர் ‘கீ’. அவருடைய குறிப்பில் அதற்குப் போட்டிருப்பது ‘சாவி’! போர்த்துக்கேயச் சொல். வன்னியில் யார் சாவி என்கிறார்கள்? வீட்டைப் பூட்டினால் கையில் இருப்பது திறப்பு. அக்கரைத் தமிழ்நாட்டுக் குறிப்பை அப்படியே இறக்கினால் இப்படித்தான். அதுவும் பூட்டே இல்லாத இடத்தில் திறப்பு எதற்கு? பைதனின் பட்டியலில் (லிஸ்ட்) ஒவ்வொன்றின் இடத்தையும் காட்டச் சுட்டெண் இருக்கிறது. இடாப்பில் அது எண்ணாக இருக்கவேண்டியதில்லை. அப்புறம் என்ன, ‘சுட்டு’ போதும்.

சோதனையில் அகராதி என்று வந்தால் என்ன செய்வது என்று பெடியன் கேட்கிறான். அகராதி என்றே எழுதிவிட்டு வா என்றேன்.