பம்பை நிறுத்திய பிறகும் ஏன் அதிர்ந்தது?

"ஷேல் எரிவாயு எடுத்தால் நிலநடுக்கம் வரும் என்பது உண்மையா, பயமுறுத்தலா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். வரும். ஆனால் காரணம் பலர் நினைப்பது அல்ல.

இந்த வாயுவை எடுக்கும் முறைக்கு ஃபிராக்கிங் என்று பெயர், எளிய வேலைதான். ஆழத்தில் இருக்கும் ஷேல் என்ற களிமண் படிவுப் பாறைக்குள் மணல் கலந்த நீரை அதிக அழுத்தத்தில் செலுத்துவார்கள். மெல்லிய விரிசல்கள் விழும், மணல் அவற்றை மூடவிடாது, சிக்கியிருந்த வாயு வெளியே வரும். பாறை இப்படி விரிசல் விடும்போது எழும் அதிர்வு பொதுவாகக் கருவிகளுக்கு மட்டும்தான் தெரியும்.

வம்பு, அந்த நீர் ஒரு பழைய நிலப்பிளவைத் தொடும்போது தொடங்குகிறது. பிளவின் இரு முகங்களையும் மேலே உள்ள பாறையின் எடை இறுக்கிப் பிடித்திருக்கிறது, உராய்வுதான் பூட்டு. இடையில் புகுந்த நீர் அந்தச் சுமையில் ஒரு பங்கைத் தானே தாங்கிக்கொள்கிறது. இறுக்கம் குறைய, உராய்வும் குறைகிறது. 1959இல் ஹப்பர்ட், ரூபி என்ற இரு புவியியலாளர்கள் இதை ஒரு காலி பீர் கேனை வைத்து விளக்கினார்கள். குளிரூட்டிய கேனை, திறந்த வாய் கீழே இருக்கும்படி ஈரக் கண்ணாடிமேல் கவிழ்த்தார்கள். உள்ளே காற்று சூடேறி விரிய, கேனின் எடையை அது கொஞ்சம் தாங்க, மிக லேசான சரிவிலும் கேன் தானாக வழுக்கியது. யாரும் தள்ளவில்லை! நிலத்தடியிலும் அப்படித்தான். நீர் பூட்டைத் திறக்கிறது. நகர்த்துவது நெடுங்காலமாகத் தேங்கிய அழுத்தம்.

நீரழுத்தம் பாறைக்குள் மெதுவாகவே பரவும். அதனால் பம்பை நிறுத்திய பிறகும் பிளவு நகரலாம். இங்கிலாந்தில் பிளாக்பூல் அருகே இருந்த ஃபிராக்கிங் கிணறுகளில், நிலநடுக்க அளவு 0.5ஐத் தாண்டினால் பம்பை நிறுத்த வேண்டும் என்று விதி இருந்தது. 2019 ஆகஸ்ட் 26 காலை அங்கே 2.9 அளவில் அதிர்ந்தது. ஆற்றல் கணக்கில் அந்த வரம்பைப்போல் ஏறத்தாழ 4,000 மடங்கு. அப்போது பம்பு ஓடவே இல்லை!

அந்தக் கிணறுகளுக்கான விண்ணப்பத்தை அந்தப் பகுதியின் உள்ளாட்சி அமைப்பான லங்காஷயர் கவுண்டி மன்றம் 2015இல் நிராகரித்திருந்தது. 2016இல் மத்திய அரசு அந்த முடிவை ரத்து செய்து அனுமதி கொடுத்தது. இந்த லட்சணத்தில், எதிர்த்த மக்களை 'அறிவியல் தெரியாதவர்கள்' என்று ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. 2019 நவம்பரில் அரசே ஃபிராக்கிங்குக்குத் தடை போட்டது. 2022 செப்டம்பரில் அப்போதைய பிரதமர் லிஸ் டிரஸ் அதை நீக்கினார், அடுத்த மாதமே அவருக்குப் பின் பிரதமரான ரிஷி சுனக் திரும்பக் கொண்டுவந்தார்.

இத்தனைக்கும், 2019இல் நகர்ந்த பிளவு முன்கூட்டியே எடுத்த முப்பரிமாண நிலஅதிர்வுப் படத்தில் சிக்கவில்லை. அப்படிப்பட்ட சிறு பிளவுகளைத் தேடும் ஆய்வுக்கு, துளை போடும் நிறுவனம் அல்லாத ஒருவர் பணம் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.