பெயரை எடுத்துவிட்டாலும் நாலு இடம் போதும்

"பேரையும் நம்பரையும் எடுத்துவிட்டுத்தானே கொடுக்கிறார்கள், அப்புறம் என்ன பயம்?" என்று பட்டர்வொர்த் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். 2025 ஜூனில், மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் நம் கைப்பேசித் தரவுகளைக் கேட்டது செய்தியானதே, அதைப் பற்றிய கேள்வி. சுற்றுலா போன்ற புள்ளிவிவரங்களுக்காகத்தான், யாரையும் அடையாளம் காண முடியாது என்றது ஆணையம்.

கைப்பேசி பக்கத்துக் கோபுரத்தோடு தொடர்பில் இருக்கும், எந்தக் கோபுரம், எத்தனை மணி என்பது நிறுவனத்தின் கணினியில் பதிவாகும். இது தெரிந்த கதைதான். இனிமேல்தான் விஷயமே.

உங்கள் நம்பருக்குப் பதில் ஏதோ ஒரு குறியீடு போட்டிருக்கிறார்கள், நீங்கள் போன நாலு இடம் மட்டும் ஒருவருக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். செவ்வாய் காலை 6 மணிக்குப் பினாங்கின் பெருநிலப் பக்கம் பிறையில் ஒரு கோபுரம்: அங்கே ஆயிரக்கணக்கான பேர். 8 மணிக்குத் தீவில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை: அந்த ஆயிரங்களில் பாலம் கடந்து அங்கே வேலைக்குப் போனவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். தைப்பூசத்தன்று இரவு 10 மணிக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில், கூட்டம் அலைமோதும், ஆனால் நமக்கு அந்தக் கூட்டம் முழுக்கத் தேவையில்லை, ஏற்கெனவே மிஞ்சியவர்களில் யார் அங்கே இருந்தார்கள் என்பது போதும். அடுத்த ஞாயிறு மதியம் சுங்கைப்பட்டாணி. இப்போது பெரும்பாலும் ஒரே ஒரு குறியீடுதான் நிற்கும். ஒவ்வொரு இடத்திலும் கூட்டம் பெரியது, எல்லா இடத்திலும் இருந்தவர் ஒருவர்தான்! இரவெல்லாம் அந்தக் குறியீடு எந்தக் கோபுரத்தில் இருக்கிறதோ அதன் பக்கத்தில் வீடு, பகலில் இருப்பது வேலையிடம். பேரைக் கண்டுபிடிக்க இதற்கு மேல் என்ன வேண்டும்?

இது ஊகமில்லை. 2013இல் வெளியான ஓர் ஆய்வு 15 லட்சம் பேரின் 15 மாதத் தரவை எடுத்துப் பார்த்தது. மணி அளவில் நேரம், கோபுர அளவில் இடம், அவ்வளவுதான் இருந்தது. ஓர் இடமும் அங்கே இருந்த நேரமும் சேர்ந்தது ஒரு புள்ளி என்றால், நாலு புள்ளிகளில் 95 விழுக்காட்டினர் தனித்துத் தெரிந்தார்கள், இரண்டே புள்ளிகளில் பாதிக்கும் மேல். இடத்தையும் நேரத்தையும் மங்கலாக்கினால் சரியாகிவிடுமா என்றும் பார்த்தார்கள். பத்து மடங்கு மங்கலாக்கினாலும் தனித்தன்மை கொஞ்சம்தான் குறைகிறது, இன்னும் ஓரிரு புள்ளி சேர்த்தால் பழைய நிலைதான்.

வழி இல்லாமல் இல்லை. தனி ஆளின் தடத்தைக் கொடுக்காமல், இந்த இடத்தில் இத்தனை பேர் என்ற தொகையை மட்டும் நிறுவனமே கணக்கிட்டு, ஒருவர் கூடினாலும் குறைந்தாலும் தெரியாத அளவுக்கு அதில் சிறு தற்செயல் பிழையைக் கலந்து கொடுக்கலாம். அமெரிக்கா 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தக் கணிதத்தைத்தான் பயன்படுத்தியது. சுற்றுலாப் பயணிகளை எண்ண இது தாராளமாகப் போதும். நம் பல்கலைக்கழகங்களில் இதற்குப் பணம் ஒதுக்கி ஆள்களை உருவாக்கச் சொல்லி நான் எங்கே போனாலும் கேட்பேன், தரவை வாங்கிக் குவிக்கும் செலவைவிட இது அவசரம்.

ஆனால் கணிதம் மட்டும் அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தாது. கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆம் பிரிவு சொல்லும் தனிமனிதச் சுதந்திரத்தில் அந்தரங்க உரிமையும் அடங்கும் என்று கூட்டரசு நீதிமன்றம் சிவராசா ராசையா வழக்கில் சொன்னது. 2010இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, மத்திய, மாநில அரசாங்கங்களுக்குப் பொருந்தாது என்று தன் 3ஆம் பிரிவிலேயே விலக்கு கொடுத்துவிட்டது. கடைக்காரர் உங்கள் நம்பரை முறைகேடாகப் பயன்படுத்தினால் அந்தச் சட்டத்தில் புகார் செய்யலாம், அரசாங்க இலாகா செய்தால் அதே சட்டத்தில் வழியில்லை. அந்த விலக்கை நாடாளுமன்றம் நீக்க வேண்டும், தனி ஆளின் தடம் வேண்டுமென்றால் நீதிபதியிடம் காரணம் சொல்லி உத்தரவு வாங்கிக்கொண்டு வரட்டும். உங்கள் தொகுதி எம்பியைப் பார்க்கும்போது இதைக் கேளுங்கள்.